மெருகு போட்ட அயர்லாந்துப் பறை

திரும்பி வந்து இரண்டு வாரம் ஆகிறது. யாராவது "கச்சேரி எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால் இன்னும் எனக்குக் காது சுடுகிறது. தூத்துக்குடியில் எனக்குத் தெரிந்த எல்லோரும் கேட்கிறார்கள். போவதற்கு முன்னால் நானே ஊரெல்லாம் தம்பட்டம் அடித்துவிட்டுப் போனதால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கத்த எனக்குத் தெம்பில்லை. எழுதிவிடுகிறேன்.

நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது, கப்பலில் வேலை பார்க்கும் மாமா மகன் சேவியர் அயர்லாந்துத் துறைமுகம் ஒன்றிலிருந்து இரண்டு பொருள் கொண்டுவந்தான். ஒன்று, ஆறு துளை போட்ட தகர விசில். இன்னொன்று ஒரு பென் டிரைவ். அதில் அந்த ஊர் நாட்டுப்புற இசை வாசிக்கும் ஒரு கெல்டிக் குழுவின் பாட்டுகள். பிடில், விசில், கிடார், பவ்ரான் என்கிற ஆட்டுத்தோல் பறை, எல்லாவற்றுக்கும் நடுவில் மேவ் என்கிற பெண்ணின் குரல். அன்றிலிருந்து எனக்கு வேறு பாட்டு கிடையாது. அந்த விசிலை நானே ஊதி ஊதிப் படித்தேன். பக்கத்து வீட்டு அக்கா "ஏட்டி, குக்கரை நிறுத்து" என்று சத்தம் போட்டதையெல்லாம் தாங்கிக்கொண்டு படித்தேன்.

மேவுக்கு எப்போதாவது எழுதுவேன். எப்போதாவது பதில் வரும். இந்த வருஷம் வந்த பதிலில், இந்தியாவுக்கு வருகிறோம், ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் ஆண்டு விழாவில் வாசிக்கிறோம், அங்கே ஷூ வாங்கும் அயர்லாந்து வியாபாரி ஒருவரின் ஏற்பாடு என்று இருந்தது. கடைசி வரி இது: "உன் விசிலைக் கொண்டு வா. மேடையில் எங்கள் வேகமான நடன மெட்டை உன்னோடு சேர்ந்து வாசிப்போம்."

அந்த வரிக்காகத்தான் போனேன். பிரியாணிக்காகப் போனேன் என்று அம்மா சொல்வது பொய்.

காட்பாடியில் இறங்கியபோது காலை வெயில் அப்போதே முகத்தில் அறைந்தது. எங்கள் ஊரிலும் வெயில் உண்டு, ஆனால் கடல் கொஞ்சம் ஊதிவிடும். இங்கே சுற்றிலும் மொட்டைப் பாறை மலைகள், சட்டியைக் கவிழ்த்து வைத்த மாதிரி. அவசரத்தில் கூட்டம் ஏறிய பஸ்ஸில் நானும் ஏறிவிட்டேன். பாதி வழியில் கண்டக்டர் வந்தார்.

"ஆம்பூர் ஒன்னு" என்றேன்.

"ஆம்பூரா? இது ஆற்காடு போற வண்டிமா. நீ பின்பக்கமா போய்ட்டு இருக்கற."

"நிறுத்துங்க, எறங்கிக்கிறேன்."

"நடு ரோட்ல எறங்கி இன்னா பண்ணுவ? ஆற்காட்ல எறங்கி மக்கன் பேடா சாப்டு. அப்புறமா திரும்பி வா." என் பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த விசிலைப் பார்த்துவிட்டு, "நீயும் விசில் வெச்சிருக்கியா? ஊதிடாதம்மா, டிரைவர் வண்டியை நிறுத்திடுவாரு" என்றார். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். இந்தக் கதையில் நான் சிரிக்கும் கடைசி இடங்களில் அது ஒன்று.

மக்கன் பேடாவைப் பற்றி எனக்கு எந்தக் கோபமும் இல்லை. பாகில் ஊறிய உருண்டை, உள்ளே முந்திரியும் பாதாமும். கடைக்காரர் மூன்றாவதை நானே கேட்கும் முன் வைத்துவிட்டார்.

ஆம்பூர் வந்து சேர்ந்தபோது மதியம். ஊருக்குள் நுழையும்போதே ஒரு வாடை வந்தது, தோலும் ரசாயனமும் கலந்தது. பக்கத்து சீட் அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ரெண்டு நாள் இருந்தா தெரியாது" என்றார். எங்கள் ஊர்க் கருவாட்டு வாடைக்கு வெளியூர்க்காரர்களிடம் நான் சொல்லும் அதே பதில்.

மேவ் சொல்லி வைத்திருந்ததால் கம்பெனி வாசலில் எனக்காகக் காத்திருந்தவர் டேவிட். தொழிலாளர் நலன், விருந்தினர் உபசரிப்பு, ஆண்டு விழா எல்லாம் அவர் பொறுப்பு. நாற்பது வயசிருக்கும், சட்டைப் பையில் மூன்று பேனா. "வணக்கம் அண்ணாச்சி" என்றேன். அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"இங்க அண்ணாச்சின்னா மளிகைக் கடைதாம்மா. என்னாண்ட பருப்பு இல்ல. அண்ணான்னு கூப்டு."

டேவிட் அண்ணன் என்னை நேராகச் சாப்பிட அழைத்துப் போனார். பிரியாணியோடு கத்திரிக்காய்க் குழம்பு வைத்தார்கள். பிரியாணிக்குக் கத்திரிக்காயா என்று கேட்டேன். "ஏன், உங்க ஊர்ல பரோட்டாவ எண்ணெய்ல பொரிக்கறீங்களே, நாங்க கேட்டமா?" என்றார். எனக்கு வாய் நிறைய சீரகச் சம்பா.

அந்த மனுஷனை எனக்கு உடனே பிடித்துவிட்டது. அடுத்த நாள் காலையில் அவரைத்தான் நான் முதலில் திட்டினேன்.

கச்சேரி நாள். கம்பெனி விருந்தினர் விடுதியில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். டேவிட் அண்ணன் ஒரு பெரிய வட்டப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். முகமெல்லாம் பல்.

"ஜெனி, ஒரு சர்ப்ரைஸ். இவங்க சாமான்லாம் முந்தாநாளே வேன்ல வந்துடுச்சு. இந்த மோளத்தப் பாத்தேன். தோலு காஞ்சு வெறப்பா, ஓரமெல்லாம் வெடிக்கற மாதிரி, கறை வேற. வெளிநாட்டுக்காரங்க நம்ம ஊருக்கு வந்திருக்காங்க, தோல் ஊர்ல இப்டி ஒரு தோல வெச்சி வாசிச்சா நமக்கு மானம் போகாதா? நைட்டே ஃபினிஷிங்ல குடுத்துட்டேன். எண்ணெய் ஏத்தி, கையாலயே கசக்கி, மெழுகு போட்டு, மேல ஸ்ப்ரே. பாரு."

திறந்து காட்டினார். பவ்ரான். பத்து வருஷமாக நான் ஃபோனில் மட்டும் பார்த்த அதே பறை. பழுப்புத் தோல் இப்போது புதுச் செருப்பு மாதிரி மினுங்கியது. விரலால் அழுத்தினேன். உள்ளே போய்விட்டு மெதுவாக மேலே வந்தது. தட்டினேன்.

பொத்.

ஈரச் சாக்கைத் தட்டின மாதிரி.

"அண்ணே, என்ன பண்ணி வச்சிருக்கீங்க! இது பறை. பறைக்குத் தோல் வெறப்பா இருக்கணும். இதை மெத்துனு ஆக்கினா எப்படி ஒலிக்கும்? ஷூவும் இதுவும் ஒன்னா? ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?" கத்தினேன். தட்டிலிருந்த சட்னி என் சட்டையில். சமையல் அக்கா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார்.

டேவிட் அண்ணன் முகம் வாடிவிட்டது. "தோலுக்கு நாங்க கெடுதல் பண்ணுவமா ஜெனி?" என்று மட்டும் கேட்டார். இந்த ஊரில் எல்லோருடைய கையும் தோலை மெதுவாக்கவே பழகியது. விறைப்பான தோலைக் கண்டால் அவர்களுக்கு அது முடியாத வேலையாகத்தான் தெரியும். இதை இப்போது நிதானமாக எழுதுகிறேன். அன்றைக்கு இந்த நிதானம் எனக்கு இல்லை.

குழு பத்தரை வாக்கில் வந்தது. மேவை நேரில் பார்த்தபோது விசிலைத்தான் முதலில் நீட்டிக் காட்டினேன். அவளே வந்து கட்டிக்கொண்டாள். பறை வாசிக்கும் டோனல் ஒட்டகச்சிவிங்கி உயரம். டேவிட் அண்ணன் தலை குனிந்தபடி பெட்டியைக் கொடுத்தார். டோனல் பறையை எடுத்து ஒரு தட்டுத் தட்டினான். பொத். புருவத்தை உயர்த்தினான். பிறகு சிரித்தான்.

"அழகாக இருக்கிறதே. பரவாயில்லை, சமாளித்துக்கொள்வோம்."

எனக்குக் கண் கலங்கியது. என்ன பெரிய மனசு! என் விசிலில் யாராவது இப்படி எண்ணெய் தடவியிருந்தால் நான் அவர்களைப் பாலாற்று மணலில் புதைத்திருப்பேன்.

அந்தப் பெரிய மனசைப் பார்த்து டேவிட் அண்ணனுக்கு இன்னும் குற்ற உணர்ச்சி. "வாணியம்பாடில கரீம் பாய்னு எனக்குத் தெரிஞ்சவரு இருக்காரு. கல்யாணத்துல, தர்காவுல தஃப் வாசிப்பாரு. அதுவும் இப்டித்தான், வட்டச் சட்டம், ஒரு பக்கம் தோலு. கேட்டுப் பாக்கலாம், வா" என்றார். அவருடைய ஸ்கூட்டரில் கிளம்பினோம். நெடுஞ்சாலையில் தோல் ஏற்றிய லாரி ஒன்று எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது, முந்தவும் விடவில்லை, வேகமாகவும் போகவில்லை. அதன் வாடையிலேயே பாதி தூரம். மீதி தூரம் பஞ்சர்.

கரீம் பாய் கதையைக் கேட்டார். தஃபைச் சுவரிலிருந்து எடுத்துத் துணியால் துடைத்தார். கையில் கொடுக்கவில்லை.

"டேவிட்டு, நீ என் தோஸ்து. அதுக்காக இத உன்னாண்ட தனியா அனுப்ப மாட்டேன். நானும் வர்றேன். இன்னாத்துக்குன்னு கேக்காத. நீ இப்பதான் ஒரு மோளத்தக் கொன்னுட்டு வந்திருக்க."

மூன்று பேரும் ஆட்டோவில் திரும்பினோம், அவர் மடியில் தஃப். டோனலிடம் காட்டினோம். அவன் துணியைக்கூட அவிழ்க்கவில்லை. "மிகவும் நன்றி, தேவைப்படாது" என்றான். கரீம் பாய் முகம் ஒரு மாதிரி ஆனது. "பேஜார் புடிச்ச ஆளா இருப்பான் போல" என்று முணுமுணுத்தார். கலைஞனுக்குத் தன் கருவிதான் பெரிசு, அடுத்தவன் கருவியைத் தொட மாட்டான் என்று நான் விளக்கம் கொடுத்தேன். டோனலுக்காக நான் வக்காலத்து வாங்கினேன். இதை நினைத்தால்தான் எனக்கு இப்போதும் அதிகம் எரிகிறது.

சாயங்காலம் கேன்டீன் கூடத்தில் மேடை. ஷிப்ட் முடித்து முகம் கழுவி, பூ வைத்துக்கொண்டு, நூற்றுக்கணக்கில் பெண்கள். எனக்கு முன் வரிசையில் இடம், ஒரு பக்கம் டேவிட் அண்ணன், மறுபக்கம் மடியில் தஃபோடு கரீம் பாய். பறையில்லாத கச்சேரிக்கு மனசைத் தயார் செய்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

முதல் பாட்டு ஆரம்பித்தது. பறை இடித்தது. கூடத்தின் தகரக் கூரை அதிர்ந்தது. இடி என்றால் அப்படி ஓர் இடி. டோனல் குச்சியைச் சுழற்றுகிறான், தோல் மினுங்குகிறது.

"பாத்தியா ஜெனி!" டேவிட் அண்ணன் என் தோளைப் பிடித்து உலுக்கினார். கரீம் பாய், "இன்னா அடி அடிக்கறான்பா!" என்று தொடையில் தாளம் போட்டார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. காலையில் நானே தட்டிப் பார்த்த தோல். அடுப்பில் காட்டிக் காய்ச்சினார்களா? வேறு பறை வைத்திருந்தார்களா? மினுங்கல் அதுதான், சந்தேகமே இல்லை. மூன்றாவது பாட்டில் டோனலுக்கு வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. குச்சி பிடித்த கையால் துடைத்துக்கொண்டான்.

பறை நிற்கவில்லை.

அதற்குப் பிறகு நான் பாட்டைக் கேட்கவில்லை, கைகளைப் பார்த்தேன். பிடில் வில் ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம். கிடார்க்காரன் தண்ணீர் குடித்தான், கிடார் தொடர்ந்தது. பத்து வருஷமாக மனப்பாடமாக இருக்கிற ஒவ்வொரு சங்கதியும், மூச்சு வாங்கும் இடம் உட்பட, பென் டிரைவில் இருந்தது இருந்தபடியே வந்துகொண்டிருந்தது. கடல் தாண்டி ஆள் வந்திருக்கிறது, பாட்டு வரவில்லை.

நடுவில் கரண்ட் போனது. எல்லாம் செத்தது. பறை, பிடில், எல்லாம் ஒரே நொடியில். இருட்டில் பெண்கள் "ஓ" என்று கத்தினார்கள். ஜெனரேட்டர் போடுவதற்குள் மேவ் மேடை ஓரத்துக்கு வந்து, வெறும் தொண்டையில், மெதுவாக ஒரு பாட்டை எடுத்தாள். மொழி புரியாது. குரல் கொஞ்சம் உடைந்திருந்தது, மேல் ஸ்தாயியில் எட்டவில்லை, இருமினாள், திரும்பப் பிடித்தாள். பின் வரிசையில் யாரோ குழந்தையை "உஷ்" என்று அடக்கியது கூடக் கேட்டது. அப்போது நான் அழுதேன், பொய் சொல்ல மாட்டேன். அந்த மூன்று நிமிஷத்துக்காக நான் மறுபடியும் ஆற்காடு பஸ்ஸில் ஏறுவேன்.

விளக்கு வந்தது. பறை இடித்தது. மேவ் பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு மைக்குக்குத் திரும்பிப் போனாள். அவளால் பாட முடிகிறது என்று தெரிந்த பிறகுதான் எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. பாடத் தெரியாதவர்கள் ஏமாற்றினால் பிழைப்பு என்று விட்டுவிடலாம்.

கடைசிப் பாட்டுக்கு என்னைக் கூப்பிட்டாள். "பத்து வருஷ ரசிகை, விசில் கலைஞி!" கூடம் கைதட்டியது. போயிருக்கக் கூடாது. ஆனாலும் ஓர் ஆசை, என் மைக்காவது திறந்திருக்கும், என் மூச்சாவது வெளியே போகும் என்று. போனேன். நடன மெட்டு தொடங்கியது. என் இடம் வந்தது. ஊதினேன்.

கூடம் முழுக்க விசில். அற்புதமான விசில். என்னுடையதில்லை. என் வாய்க்கும் மைக்குக்கும் நடுவில் என் சத்தம் கொசு மாதிரி முனகிக்கொண்டிருந்தது, எனக்கு மட்டும்.

மேவ் சிரித்த முகத்தோடு என் காதருகே குனிந்தாள். "நன்றாக இருக்கிறது. விரலை மட்டும் ஆட்டிக்கொண்டிரு."

விசிலை வாயிலிருந்து எடுத்தேன். எல்லோரும் பார்க்கட்டும் என்று கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தேன். விசில் சத்தம் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது தெரிந்துவிடும், இப்போது கூச்சல் போடுவார்கள் என்று காத்திருந்தேன்.

கைதட்டல் இரண்டு மடங்கானது. முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து நின்று, "சூப்பர் சிஸ்டர்!" என்று கத்தினாள். நான் ஏதோ நடனம் ஆடுகிறேன் என்று நினைத்துவிட்டார்கள். எல்லோரும் கையைத் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினார்கள். நான் மேடையை விட்டு இறங்கினேன். நான் இறங்கி வெளியே போகும் வரை ஒலிபெருக்கியில் நான் வாசித்துக்கொண்டே இருந்தேன்.

முற்றத்தில் வேன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கச்சேரி முடிந்து சாமான்களை ஏற்றத் தொடங்கினார்கள். டேவிட் அண்ணன் ஓடி வந்தார். கால் தரையில் பாவவில்லை.

"ஜெனி, மிஸ்டர் டோனல் என் கையப் புடிச்சி இன்னா சொன்னாரு தெரியுமா? இத்தன வருஷத்துல இந்த மோளம் இவ்ளோ நல்லா ஒலிச்சதே இல்லயாம்! காலைல என்னா திட்டு திட்டன! நம்ம ஃபினிஷிங்மா." கரீம் பாய் பக்கம் திரும்பினார். "பாய், உங்க தஃபையும் குடுங்க. நாளைக்கே போட்டுத் தர்றேன். ஒரு பைசா வேணாம்."

"அந்த அடி வருமா இதுல?" கரீம் பாய் கண் பெரிதாக, துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"குடுக்காதீங்க பாய்!"

நான் கத்திய கத்தலில் டிரைவர் வேனுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார். அதுவரை என் பத்து வருஷத்தைத்தான் ஏமாற்றினார்கள் என்று நினைத்திருந்தேன். போகிற போக்கில் இந்த மனுஷனுக்கும் ஒரு பொய்யைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அந்தப் பொய், நாளைக் காலையில் இன்னொரு பறையைக் கொல்லப் போகிறது.

வட்டப் பெட்டியை நானே திறந்தேன். யாருடைய அனுமதியும் கேட்கவில்லை. பவ்ரானை எடுத்து டேவிட் அண்ணன் காதுக்குப் பக்கத்தில் பிடித்து, என் முழுக் கையால் அடித்தேன்.

பொத்.

"இன்னொரு தடவ அடி" என்றார். அடித்தேன். பொத். அவர் வாங்கி அவரே அடித்தார். கரீம் பாய் தஃபைத் துணியில் சுற்றிக்கொண்டு ஒரு எட்டு பின்னால் போனார்.

"அப்ப உள்ள கேட்டது?"

"ரெக்கார்டுண்ணே. எல்லாமே. என் விசிலும்."

டோனலும் மேவும் வந்துவிட்டார்கள். டோனல் பறைக்குக் கையை நீட்டினான். மேவ் என்னைப் பார்த்துத்தான் பேசினாள், கோபமில்லாமல், களைப்பாக. "தினம் ஓர் ஊர். தினம் ஏதாவது உடையும், ஏதாவது கெடும். ஆல்பத்தில் இருப்பது அப்படியே வேண்டும் என்று கேட்பது நீங்கள்தானே. நீயே எத்தனை முறை எழுதியிருக்கிறாய்."

"எழுதுனேன். ஆனா இன்னைக்கு இருமுனீங்களே, அதைக் கேட்கத்தான் இவ்ளோ தூரம் வந்தேன்னு இப்பதான் எனக்கே தெரியுது" என்றேன். ஆங்கிலத்தில் சொன்னேன். குரல் நடுங்கியதில் பாதி அவளுக்குப் புரிந்திருக்காது.

டேவிட் அண்ணன் அவளிடம் ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லாக எடுத்து வைத்துக் கேட்டார். "மேடம், நாங்கள் உள்ளே கேட்டது யார் வாசித்தது?"

"நாங்கள்தான்" என்றாள். "எங்கள் கை, எங்கள் பறை. வேறு யாருடையதும் இல்லை."

"எப்போது வாசித்தீர்கள்?"

மேவ் டோனலைப் பார்த்தாள். டோனல் வேன் கதவைப் பார்த்தான்.

டேவிட் அண்ணன் கைக்குட்டையை எடுத்து, தோலில் படிந்திருந்த எங்கள் கை அடையாளத்தைத் துடைத்து, பறையைப் பெட்டிக்குள் வைத்து மூடி, இரண்டு கையாலும் டோனலிடம் நீட்டினார்.

"மன்னிக்கணும் சார். உங்கள் பறையைக் கெடுத்துவிட்டோம்."

"ஐயோ, அதனால் ஒன்றுமில்லை" என்றான் டோனல், அன்பாகத்தான். "அது எங்களுக்குத் தேவைப்படுவதே இல்லை."

வேன் கிளம்பியது. அன்றைக்கு அந்த வளாகத்தில் மன்னிப்புக் கேட்டவர் டேவிட் அண்ணன் ஒருத்தர்தான்.